பாலைவனத்தில் சுத்தபோசனம்

என் அத்தான் நீக்கிலாப்பிள்ளை இந்த எழுபது வயதுக்குள் ஒரு தவக்கால வெள்ளிக்கிழமையிலாவது இறைச்சி தொட்டதில்லை. இது நான் விசாரித்து அறிந்த விஷயம் அல்ல. கலியாண வீட்டில், செத்த வீட்டில், கார் திருத்தும் கடையில் காத்திருக்கும்போது என்று அவரே போகிற இடமெல்லாம் சொல்லியிருக்கிறார். நான் வரவேற்பு மேசையில் வேலை செய்கிற பல் வைத்தியரிடம் ஒரு மார்ச் மாதம் பல் பிடுங்க வந்தவர், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே பக்கத்துக் கதிரைச் சீன மனிதருக்கும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

மன்னார்த் தீவில் பிறந்தவர். எண்பத்தொன்பதில் மனைவியான என் அக்கா கிளடிசையும் கூட்டிக்கொண்டு ரொறன்ரோவுக்கு வந்தார். ரெக்ஸ்டேலில் ஒரு அடுக்குமாடியின் ஒன்பதாம் தட்டு. கார்க் கதவு செய்யும் தொழிற்சாலையில் வேலை. அது மூடப்பட்டபோது மூன்று வருடம் வீட்டில் இருந்தார், பிறகு ஒரு கிடங்கில் காவல் வேலைக்குப் போனார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ச் சங்கத்துக்கு மூன்று முறை தலைவர். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைச் சொல்லும் வியாகுலப் பிரசங்கம் வாசிப்பவரும் அவரே. குரல் நல்ல குரல், அதை நான் மறுக்கமாட்டேன். அந்தக் குரலால் அவர் ஊரைத் திருத்தப் புறப்பட்டதுதான் எனக்குப் பிடிக்காதது. யார் வெள்ளிக்கிழமை கோழிக் கடையில் நின்றார்கள், யாருடைய சாப்பாட்டுப் பெட்டியில் என்ன மணந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அக்காவைப் பற்றி அவர் எங்கும் பேசியதில்லை. அக்கா நானூற்றொன்றாம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் ஒரு பேர்கர் கடையின் சமையல் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றாள். யாராவது கேட்டால் அத்தான், "அவ வீட்டோடைதான்" என்பார். அக்கா பக்கத்திலேயே நிற்பாள், மறுத்து ஒரு சொல் சொல்லமாட்டாள். கலியாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

இந்த வருடத் தவக்காலத்தின் முதல் வெள்ளிக்கிழமை யூனியன்வில்லில் எங்கள் வீட்டில் என் மகள் நடாஷாவுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. மாப்பிள்ளை சிவரூபன் மட்டக்களப்புப் பக்கத்துச் சைவப் பிள்ளை. நாள் பார்த்தது அவனுடைய தாய் நாகேஸ்வரி. தவக்காலத்தில் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்களும் வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடமாட்டார்கள், நாங்களும் தவக்கால வெள்ளியில் சுத்தபோசனம் என்று மீனைத் தவிர இறைச்சி தொடமாட்டோம், எல்லாருக்கும் மரக்கறியோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நூற்றைம்பது மரக்கறி றோலுக்கு ஓடர் கொடுத்தேன். கடைக்காரன் இரண்டு தட்டம் ஆட்டிறைச்சி றோலைத் தூக்கித் தந்துவிட்டான். வெளியே பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், பிய்த்துப் பார்க்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.

முதலில் கடித்தது நாகேஸ்வரி. கடித்ததை ரிசுக் கடதாசியில் சுற்றி வைத்துவிட்டு, போய் வாயைக் கொப்பளித்து வந்து, "கடைக்காரன் மாறித் தந்திட்டான் போல. அதுக்கென்ன, தேத்தண்ணி ஒண்டு தாங்க" என்றாள். அவள் ஆயுளில் அதுதான் முதல் வெள்ளிக்கிழமை இறைச்சி. அதோடு அவள் அதை விட்டுவிட்டாள்.

அத்தான் விடவில்லை. தன் கையிலிருந்த றோலை இரண்டாகப் பிய்த்து, கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். "தவக்கால வெள்ளியிலை இறைச்சி வைச்ச வீட்டுப் பிள்ளையை நான் கோயிலுக்குள்ளை கூட்டிக்கொண்டு போகமாட்டன்" என்று அறிவித்துவிட்டு, அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார்.

என் கணவர் யோசப் இறந்து ஆறு வருடமாகிறது. ஜூன் மாதக் கலியாணத்தில் நடாஷாவைக் கையைப் பிடித்துப் பீடத்தடிக்குக் கூட்டிப்போக எங்கள் குடும்பத்தில் மூத்த ஆண் அத்தான் ஒருவர்தான். அதைத்தான் அவர் ஒரு றோலுக்காக இல்லையென்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தானின் எழுபதாவது பிறந்தநாளுக்காக அவருடைய மகன் றொய்சன் அதே தவக்காலத்துக்குள் ஒரு பயணம் ஒழுங்கு செய்திருந்தான். லாஸ் வேகாஸ் வரை விமானம், அங்கிருந்து வாடகை வான் வண்டியில் பாலைவனம் முழுக்க ஐந்து நாள் சுற்றுவது. எனக்கும் சேர்த்து முன்பே ரிக்கற் போட்டிருந்தான். நான் போகமாட்டேன் என்றேன். நடாஷாதான் விடவில்லை.

"மம்மி, நீங்கள் போங்கோ. ஜஸ்ற் ரோக் ரு ஹிம், ஒருக்கா அவரோடை கதையுங்கோ. அப்பாவின்ரை இடத்திலை பெரியப்பா இல்லாட்டி எனக்கு ஒருத்தரும் இல்லை."

அதற்காகத்தான் போனேன். பாலைவனம் பார்க்கிற ஆசையில் அல்ல.

பாலைவனம் என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்கர்களுக்கு ஒன்றும் இல்லாத இடம் பொறுக்காது போலிருக்கிறது. ஒரு பெற்றோல் நிலையத்துக்கு முன்னால் நாற்பதடி உயரத்தில் ஒரு சப்பாத்து நின்றது. அதற்குள் படி இருக்கிறது. முழங்கால் வலியோடு ஏறி உச்சிக்குப் போனால் பெற்றோல் நிலையத்தின் கூரை தெரியும். அவ்வளவுதான். அடுத்த ஊரில் ஒருவரும் ஏறி உட்கார முடியாத ஒரு கதிரை, உலகத்திலேயே பெரியதாம். அறுபது மைல் தள்ளி இன்னொரு கதிரை, அதற்குப் பக்கத்திலும் அதே பலகை. காய்ந்துபோன ஒரு மரத்தில் ஆயிரம் பழைய சப்பாத்துகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதைப் பார்க்கப் பதினாறு கார்கள் நின்றன. மற்றொரு சந்தியில் வேற்றுக் கிரகத்துப் பச்சை மனிதனின் பொம்மையை வாசலில் நிறுத்தி, உள்ளே இறைச்சி வத்தல் விற்றார்கள். பச்சை மனிதனுக்கும் வத்தலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். விற்கிற பிள்ளைக்கும் தெரியவில்லை.

அத்தானுக்கு இதெல்லாம் திருவிழா. ஒவ்வொன்றின் அடியிலும் பெருவிரலை உயர்த்தி நின்று படம் எடுத்தார். எடுத்தவுடன் கோயில் வாட்சப் குழுவுக்கு அனுப்பினார். இருநூற்றுச் சொச்சம் பேர் இருக்கிற குழு. ரோஸ் நிறத்தில் சாயம் அடித்த ஒரு கொங்கிரீற் டைனோசரின் வாலடியில் நின்ற படத்துக்கு அவர் எழுதிய வரி: "இறைவனின் படைப்பே படைப்பு."

சாப்பாடு இன்னொரு கூத்து. எந்த ஊருக்குத் திரும்பினாலும் உயரமான கம்பத்தில் அதே ஐந்து கடைகளின் பெயர்கள். அதே கடதாசிப் பொட்டலம், அதே வாளி அளவு கோப்பையில் இனிப்புத் தண்ணீர். கடைக்குள் நாங்கள் படத்தைப் பார்த்து ஓடர் கொடுக்கும்போது, அக்கா மட்டும் கவுண்டருக்கு மேலால் எட்டி உள்ளே பார்ப்பாள். வந்து அமர்ந்த பிறகு மெல்லச் சொல்லுவாள்.

"எண்ணெய் மூண்டு நாளாய் மாத்தேல்லை."

இன்னொரு இடத்தில், "அந்தப் பிள்ளை கூடையை உதறாமல் கொட்டுது. எண்ணெய் இறங்காது."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் சரி என்பது வாயில் வைத்ததும் தெரிந்தது. அத்தான் நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். "சாப்பாட்டைப் பற்றிக் கதைக்காதை, சாப்பிடு" என்பார். நானும் அவளிடம் மேலே ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு அப்போது அத்தானை வளைப்பதுதான் வேலை.

செவ்வாய்க்கிழமை சப்பாத்தடியில் முதல் முறை கேட்டேன். "அத்தான், பிள்ளை என்ன பிழை செய்தது?"

"பிழை செய்தது பிள்ளை இல்லை. தாய்."

புதன்கிழமை இரண்டாவது கதிரையடியில் திரும்பக் கேட்டேன். அவர் குளிரூட்டிய வானில் முன் சீற்றைச் சாய்த்துப் படுத்தபடி, கையில் எலுமிச்சைச் சோடாவோடு, "ஆண்டவர் வனாந்தரத்திலை நாப்பது நாள் இருந்தவர், றெஜினா. அங்கையும் சாத்தான் வந்து சோதிச்சவன். அவர் அசையேல்லை" என்றார். தான் ஆண்டவர், நான் சாத்தான். சீற் சரியாகச் சாயவில்லை என்று அதற்கடுத்த நிமிடம் றொய்சனை ஏசினார்.

வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா வெள்ளிக்கென்றே ரைஸ் குக்கரும் அரிசியும் மீன் ரின்களும் கொண்டு வந்திருந்தாள். குக்கரை முதல்நாள் தங்கிய மோட்டலிலேயே றொய்சன் மறந்துவிட்டு வந்துவிட்டான். மத்தியானம் அத்தானுக்குப் பசி ஏறிவிட்டது. கம்பத்துக்குக் கம்பம் பேர்கர் படங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், திருப்புவதை நாங்கள் எல்லாரும் பார்க்கிறோமா என்றும் கடைக்கண்ணால் கவனித்துக்கொண்டார்.

ஒரு நாற்சந்தியில் இன்னொரு டைனோசர், இது பச்சை. அதன் காலடியில் ஒரு வண்டிக்கடை. மெக்சிக்கோக்காரப் பெண் ஒருத்தி, அவித்து மசித்த பீன்ஸை மெல்லிய ரொட்டியில் சுருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இறைச்சி இல்லையோ?" என்றார் அத்தான்.

"நோ மீற், அப்பா. பீன்ஸ் ஒன்லி" என்றான் றொய்சன்.

அத்தான் இரண்டு வாங்கினார். அக்கா உருளைக்கிழங்குச் சிப்ஸ் ஒரு பெட்டி வாங்கினாள். டைனோசரின் நிழலில் ஒரு மர மேசை இருந்தது. முதல் சுருளைக் கடிக்கும் முன் அத்தான் சிலுவை போட்டார், பிறகு சுருளை முகத்தருகே உயர்த்தி றொய்சனைப் படம் எடுக்கச் சொன்னார். குழுவுக்கு அனுப்பிய வரி: "பாலைவனத்திலும் சுத்தபோசனம். பசியிலும் விசுவாசம்."

கை துடைக்கக் கடதாசி வாங்க நான் வண்டிக்குத் திரும்பினேன். அந்தப் பெண் அடுத்த சட்டி பீன்ஸுக்கு ஒரு தகரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ அள்ளிப் போட்டாள், கரண்டி நிறைய. அது என்ன என்று கேட்டேன். அவள் தகரத்தைத் திருப்பிக் காட்டினாள். தகரத்தில் பன்றிப் படம் இருந்தது. பன்றிக்கொழுப்பு.

திரும்பி வந்தபோது அத்தான் முதல் சுருளில் இரண்டு கடி கடித்திருந்தார். மிச்சம் முழுவதும் கையில் இருந்தது. நான் எதிரே அமர்ந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் அதை முடித்தார், விரலை நக்கினார், இரண்டாவதைப் பிரித்தார், அதையும் முடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், நடாஷா பிறந்ததற்குப் பிறகு அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்ததில்லை.

"நல்ல ருசியோ, அத்தான்?"

"நல்லாத்தான் கிடக்கு. கிளடிஸ், நீயும் இப்பிடிச் செய்யப் பழகு."

"பன்றிக்கொழுப்பு போட்டுத்தான் அதை அவிக்கிறது. நான் கண்ணாலை பாத்தனான். தகரம் அங்கை கிடக்கு, போய்ப் பாருங்கோ."

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வரும்போது முகம் சாம்பல் பூத்திருந்தது. நான் நேரம் கடத்தாமல் சொன்னேன்.

"குழுவிலை நான் ஒண்டும் எழுதமாட்டன். நீங்கள் ஜூன் மாதம் நடாஷாவின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ. அவ்வளவுதான்."

இதைக் கேட்டால் அவர் மடங்குவார் என்று நினைத்தேன். நாற்பத்திரண்டு வருடமாகத் தெரிந்த மனிதரை நான் எவ்வளவு பிழையாகக் கணக்குப் போட்டிருந்தேன். அவர் நிமிர்ந்தார். வியாகுலப் பிரசங்கக் குரல் வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னை வெருட்டுறியோ? நான் கோயில் நடுவிலை முழங்காலிலை நிண்டு எல்லாருக்கும் நானே சொல்லுவன். ஆனால் உன்ரை வீட்டுக் கலியாணத்துக்குச் செத்தாலும் வரமாட்டன். அண்டைக்கு அந்த றோல், இண்டைக்கு இது. எல்லாம் உங்கடை வீட்டுச் சகவாசத்தாலை வந்த தோஷம். றொய்சன், எங்கையாவது ஒரு கோயில் தேடு. எனக்கு இண்டைக்கே பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்."

எல்லாம் முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைக்காக வந்தவள் பிள்ளையின் காரியத்தையே கெடுத்துவிட்டேன். இனி அவர் வரமாட்டார். வராததற்கு இப்போது உண்மையாகவே ஒரு காரணமும் கிடைத்துவிட்டது.

அப்போதுதான் அக்கா பேசினாள். சிப்ஸ் பெட்டி அவள் மடியில் இருந்தது.

"இஞ்சாருங்கோ. பாவசங்கீர்த்தனத்துக்குப் போறதெண்டா இருபத்திரண்டு வருசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

"என்ன இருபத்திரண்டு வருசம்?"

"நான் வெள்ளிக்கிழமையிலை வேலையாலை கொண்டந்து தந்த சிப்ஸ். எங்கடை கடையிலை மாட்டுக்கொழுப்பிலைதான் பொரிக்கிறது. மீன் பொரிக்கிறது கோழி பொரிச்ச அதே எண்ணெயிலை. நான்தான் பொரிச்சனான்."

றொய்சன் சிரிக்க வாயெடுத்தான். தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான்.

அத்தானின் குரல் சின்னதாக வந்தது. "நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை. இவனைக் கேட்டனீங்கள், இறைச்சி இல்லையோ எண்டு. இவனுக்கு அடுப்பும் தெரியாது, எண்ணெயும் தெரியாது. பக்கத்திலை நான் நிக்கிறன். என்னை ஒருநாளும் கேட்டதில்லை. பையைத் திறப்பீங்கள், சாப்பிடுவீங்கள், போனை எடுத்து வெள்ளிக்கிழமை நான் இறைச்சி தொடுறேல்லை எண்டு ஊருக்குச் சொல்லுவீங்கள். ஆலை பூட்டின அந்த மூண்டு வருசமும் கடையிலை மிஞ்சினதுதான் எங்களுக்கு ராச்சாப்பாடு. நான் அதைச் சொல்லியிருந்தா நீங்கள் சாப்பிட்டிருக்கமாட்டீங்கள். இவன் சின்னப்பிள்ளை, நீங்கள் தள்ளிவைச்சா இவனும் தொடமாட்டான். அதாலை சொல்லேல்லை."

அத்தான் மேசையில் இருந்த போனைப் பார்த்தார். சுத்தபோசனப் படத்துக்குக் கும்பிடுகிற கைப் படங்கள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. எங்கள் பங்குச் சுவாமியும் "நல்ல முன்மாதிரி" என்று எழுதியிருந்தார். அத்தான் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"நடாஷாவை நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள் அக்கா. "தேப்பன் இல்லாத பிள்ளைக்குப் பெரியம்மாவும் கை குடுக்கலாம். சுவாமியோடை நான் கதைக்கிறன். நீங்கள் வாறதெண்டா வாங்கோ."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீயும் பாத்துக்கொண்டுதானே இருந்தனி. ரெண்டு கடி கடிக்கேக்கையே வந்திட்டாய். சொல்லியிருந்தா அவர் எறிஞ்சிருப்பார்."

அந்தப் பெட்டியில் மிஞ்சியிருந்த சிப்ஸை அக்கா ஒவ்வொன்றாகச் சாப்பிட்டு முடித்தாள். "இதுவும் பழைய எண்ணெய்தான்" என்றாள். இந்த முறை மூன்று பேரும் தலையாட்டினோம்.

லாஸ் வேகாஸ் திரும்பும் வழியில் உலகத்திலேயே பெரிய ஏதோ ஒன்று இருந்தது. அத்தான் வானை விட்டு இறங்கவில்லை.

ரொறன்ரோ வந்த கிழமையே அவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். கொழுப்பு இறைச்சிக் கணக்கில் சேராது, சட்டப்படி குற்றம் ஒன்றும் இல்லை என்று சுவாமி சொல்லிவிட்டாராம். இதையும் அக்காதான் எனக்குச் சொன்னாள். ஆக, அவருடைய எழுபது வருடச் சாதனை கீறல் இல்லாமல் அவருக்கே திரும்பக் கிடைத்துவிட்டது. ஆனால் அதை அவர் யாரிடமும் சொல்லி நான் பிறகு கேட்கவில்லை. நான் சொல்லாமல் அவரைத் தின்னவிட்ட இரண்டு சுருளுக்கு எனக்கு அப்படி ஒரு மன்னிப்பும் கிடைக்கவில்லை. நான் கேட்கவும் போகவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை கலியாணம். ஊதாச் சேலை உடுத்திய அக்கா நடாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தாள். கடைக்குள் தட்டம் தூக்கிக்கொண்டு நடப்பவளைப் போல நேராக, ஆடாமல் நடந்தாள். அவளுக்கு நாலடி பின்னால், கோட்டும் சூட்டுமாக, அக்காவின் கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்தபடி அத்தான் வந்தார். நான்கு மாதத்துக்கு முன்பென்றால் அந்தக் காட்சியை நான் ஒரு வருடத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

பின்னேரம் மண்டபத்தில் றோல் தட்டம் வந்தது. எங்கள் மேசையில் நாகேஸ்வரி ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பார்த்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கடித்தாள். தட்டம் அத்தானிடம் போனது. அவரும் ஒன்றை எடுத்தார். பிய்க்கவில்லை. கையில் வைத்தபடி பக்கத்தில் இருந்த அக்காவின் பக்கம் குனிந்தார்.

"இதுக்குள்ளை என்ன கிடக்கு?"

அக்கா அவருடைய கையிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஆட்டிறைச்சி. இண்டைக்குச் சனிக்கிழமை" என்றாள். "சாப்பிடுங்கோ."